கடைசிப் பந்தி ருசி பார்த்த சாம்பார்

வலைப்பூ எழுதுகிற ஒருவர், "நான் என் திருப்திக்காகத்தான் எழுதுகிறேன், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு முக்கியமே இல்லை" என்று சொன்னால், அன்று காலை பல் தேய்ப்பதற்கு முன்பே எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இதை நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கிவிட்டு, அதை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றபோது, என் மனைவி வித்யா வந்து, "பேஸ்ட்டு கீழ விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்று சொன்னாள். அப்படித் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் குடியிருப்பு ஸ்ரீரங்கம். வேலை, திருச்சி மன்னார்புரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். தினமும் டவுன் பஸ்ஸில் காவிரியைக் கடந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் போகிறவன். உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனுஷனுக்குச் சிந்தனை நிறைய வரும். எனக்கும் வந்தது. 'பாலத்தின் மேல் ஒரு தனிமை' என்று ஒரு கட்டுரை எழுதி வலைப்பூவில் போட்டேன். (பஸ்ஸில் என் கால் மேல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தனிமை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.) வித்யா அதன் முதல் வாசகி. விரும்பி வந்த வாசகி இல்லை. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட தோஷம். அவள் படித்து முடிக்கிறவரை நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதால் பாதியில் எழுந்து போகவும் வழியில்லை.

அந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. "சார், சத்திரத்திலிருந்து லால்குடிக்குக் கடைசி பஸ் எப்போது?" என் மாமனார் ஊர் லால்குடி என்பதால் எனக்கு அது தெரிந்திருந்தது. பதில் போட்டேன். "மிக்க நன்றி. அருமையான பதிவு" என்று மறுமொழி வந்தது. அதை நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன், முதல் கேள்வியை விரலால் மறைத்துக்கொண்டு.

பக்கத்து மேஜை செந்திலுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தோன்றுவதை எழுதினால் யார் படிப்பார்கள், ஜனங்கள் எதைத் தேடுகிறார்களோ அதை எழுதுங்கள் என்று புத்தி சொன்னான். எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தும், அன்று சாயங்காலமே 'திருச்சியில் தவறவிடக் கூடாத இடங்கள்' என்று எழுத உட்கார்ந்தேன். மலைக்கோட்டையில் ஆரம்பித்து முக்கொம்பில் முடித்தேன். மறுநாள் ஒருவர் வந்து, இதே கட்டுரையை வேறொருவர் எழுதி நேற்றே தான் படித்துவிட்டதாகவும், அதில் படங்கள் நன்றாக இருந்ததாகவும் எழுதிவிட்டுப் போனார். எனக்கு மானம் போய்விட்டது. உலகத்தில் யாருமே எழுதாத ஒன்றைத்தான் இனி எழுதுவது, அதையும் ஊரே படிக்கிற மாதிரி எழுதுவது என்று அன்று முடிவு கட்டினேன். இதில் ஏதாவது ஒன்றுதான் நடக்கும் என்று வித்யா சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யாருமே எழுதாத அந்த விஷயம் எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவுகிற இடத்தில் கிடைத்தது. அலுவலக நண்பர் ஒருவரின் தங்கை கல்யாணம். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அப்பா வரிசையாக வந்து, கை கூப்பி, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அத்தனை இலையிலிருந்தும் ஒரே பதில்: "பிரமாதம்." அதே ஆட்கள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்ததும் பேசியதைக் கேட்க வேண்டுமே. கூட்டில் வேகாத பருப்பு, வடையில் குடிக்கலாம் போல எண்ணெய், பாயசத்தில் முந்திரியைத் தேடப் போனவர் இன்னும் திரும்பவில்லை. நம் ஊரில் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி உண்மை பேசப்படுகிற ஒரே இடம் அதுதான். ஓட்டல்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியைப் பற்றி எழுத எவன் இருக்கிறான்?

'கை கழுவும் இடத்திலிருந்து' என்று தொடருக்குப் பெயர் வைத்தேன். எனக்குப் புனைபெயர் 'கடைசிப் பந்தி'. யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம் என்றெல்லாம் எழுதமாட்டேன். சாப்பாடு மட்டும்தான். முதல் கட்டுரையில், "சாம்பாரில் ஒரே ஒரு முருங்கைக்காய் நின்று, கூட வந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தது" என்று எழுதினேன். பிடித்துக்கொண்டது. குடும்ப வாட்ஸப் குழுக்களில் யார் யாரோ பகிர்ந்தார்கள். திருச்சியில் கல்யாணத்துக்குப் போகாத ஆள் யார், குறை சொல்லாமல் திரும்பிய ஆள் யார்? காலையில் பேஸ்ட் விழுவதுகூடத் தெரியாமல் நிற்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது.

கூட்டம் வந்ததும் அதற்குப் பசி எடுத்தது. ஒரு கல்யாணத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிழி கிழி என்று கிழித்தால் மட்டும் அலைமோதினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் குறை எங்கே என்று இலையைத் துப்பறிய ஆரம்பித்தேன். நல்ல சாப்பாடாக அமைந்துவிட்டால் முகம் தொங்கிவிடும். போதாததற்கு, வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாலு வரி மனசுக்குள் எழுதிக்கொண்டு போவேன். அப்படி முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனதுதான், "இது ரசமில்லை, தக்காளி குளித்துவிட்டுப் போன வெந்நீர்" என்ற வரி. என் வரிகளிலேயே அதிகம் ஊர் சுற்றியது அதுதான்.

"ஏங்க, அந்த ரசம் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க ரெண்டாந்தடவை கையில வேற வாங்கிக் குடிச்சீங்க" என்றாள் வித்யா.

"நல்லா இருந்துச்சுன்னு எழுதுனா யாரு படிப்பா?" என்றேன்.

நினைத்துப் பாருங்கள். செந்தில் சொன்னபோது ரோஷப்பட்டவன் நான்.

இந்த நிலையில்தான் என் மச்சினி நந்தினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கார்த்திக், மன்னார்புரத்துப் பையன். அவனுடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான ஆள், சிரிப்பதற்கும் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது போல இருப்பார். நிச்சயதார்த்தத்தன்று என் மாமனார் சீர்வரிசைப் பேச்சை எடுத்தபோது, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்களுக்கு எதுவும் வேண்டாங்க. வர்ற ஜனம் வயிறார சாப்பிட்டுப் போகணும். அது ஒண்ணுதான் நான் கேக்குறது" என்றார்.

என் மாமனார் லால்குடிப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். சோறு போடுகிற விஷயத்தில் அவருக்குக் கௌரவம் அதிகம். சம்பந்தி கேட்ட அந்த ஒன்றை அவர் வரம் வாங்கியது போல வாங்கிக்கொண்டு வந்தார். நாலு ஊர் விசாரித்துச் சமையல் காண்ட்ராக்டரைப் பேசி முடித்தார். ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம். எனக்குப் போன் போட்டு, "நம்ம கல்யாணத்துச் சாப்பாட்டைப் பத்தி ஊரே பேசணும் மாப்ள" என்றார்.

வித்யா என்னைத் தனியே கூப்பிட்டு, தங்கை கல்யாணத்தைப் பற்றி ஒரு எழுத்து எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். செய்துகொடுத்தேன். (கைப்பேசியில் தலைப்பு மட்டும் தயாராக இருந்தது. தலைப்பு எழுத்தில் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்துக்குப் போனபோது, காண்ட்ராக்டர் லாரியிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. தக்காளி குளித்துவிட்டுப் போன வெந்நீர் அவர் வைத்ததுதான். பெயர் தட்சிணாமூர்த்தி. பெயர்தான் அப்படி, மௌனத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், விரலுக்கு விரல் மோதிரம். நல்லவேளை, கடைசிப் பந்தி யாரென்று அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தேன்.

என் மாமனார் விடுவாரா? அவர் என் கட்டுரையில் ஒரு வரி படித்ததில்லை. மாப்பிள்ளை எழுதுவதை ஊரே படிக்கிறது என்பது மட்டும் தெரியும். படிப்பதென்றால் புகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்று அவராக முடிவு பண்ணியிருந்தார். என் தோளில் கை போட்டு, "இவருதான் எங்க மூத்த மாப்பிள்ளை. கல்யாணச் சாப்பாட்டைப் பத்திக் 'கடைசிப் பந்தி'ன்னு எழுதுறாருல்ல, அது இவருதான்" என்று பெருமையோடு அறிமுகம் செய்துவைத்தார்.

தட்சிணாமூர்த்தி கையில் இருந்த கரண்டி என் தலைக்கு வருகிற தூரத்தை நான் கணக்குப் போட்டேன். ஆனால் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க பேரு போடலேன்னாலும் பந்தியில இருந்தவங்க என் ரசம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க எழுதுனதுலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும், மத்ததெல்லாம் நீங்க பண்ணுங்க, ரசத்துக்கு மட்டும் வேற ஆளு போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க சார். நாளைக்கு நீங்க ருசி பார்த்துச் சரின்னு சொல்லாம ஒரு பாத்திரம் இந்த வாசப்படியைத் தாண்டாது."

மாமனாருக்கு வாயெல்லாம் பல். சம்பந்திக்குக் கொடுத்த வாக்கு இனி என் நாக்கில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நம்பினார். மறுத்திருக்க வேண்டியது நான். மறுக்கிற மாதிரிதான் வாயைத் திறந்தேன். அதற்குள் சமையல்கட்டில் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எழுத்தாளனுக்கு யாராவது நாற்காலி போட்டு எத்தனை நாளாகிறது? தலைக்குள் காற்றுப் புகுந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணச் சமையல்காரர்கள் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. சாமிக்குப் படைக்கிறவரை வாயில் வைத்தால் எச்சில் என்று கணக்கு. ஆவியை மோந்து, கொதியைப் பார்த்து, கைப்பிடி அளவில் உப்பு. அவ்வளவுதான். தட்சிணாமூர்த்தி கல்யாணத்தன்று காலை ஒவ்வொன்றிலும் முதல் கரண்டியைச் சாமிக்கு எடுத்துவைத்துவிட்டு, இரண்டாவது கரண்டியை எனக்கு நீட்டுவது என்று ஏற்பாடு செய்தார். ஆக, முந்நூறு இலைக்குப் போகப்போகிற சாப்பாட்டில் வாய் வைத்த ஒரே ஆள் நான்தான்.

மேடையில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியோடு, அண்டாக்கள் வரிசையாக ஏறியிருந்த கோட்டை அடுப்புக்கு எதிரில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ரசம் வந்தது. அதற்கும் எனக்கும் உள்ள விவகாரம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும் போலிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்டாவில் அப்போதுதான் நுரை கட்டிக்கொண்டிருந்த ரசத்தைக் கரண்டியில் மொண்டு, டம்ளரில் ஊற்றி நீட்டினார். ஊதிக் குடிக்கலாம். ஆனால் ஊதினால் பயந்தது போல இருக்காதா? ஒரே மடக்கில் குடித்தேன்.

குடித்தேன் என்று சொல்வது தப்பு. கொதிக்கிற ரசம் என் நாக்கின் மேல் நடந்து போனது. கண்ணில் நீர் வந்தது. கத்தக் கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். தட்சிணாமூர்த்தி என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "போதும் சார், இது போதும் எனக்கு" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில், "அண்ணே, நாக்கு வெந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நந்தினி கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரே நம்புகிற நாக்கு ஆயிற்றே. அடுத்து கூட்டு வந்தது. வாயில் போட்டேன். வாயில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. சாட்சாத் ஈரப் பஞ்சு.

"எப்படி சார் இருக்கு?"

ஏதாவது சொல்ல வேண்டுமே. "உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

அவர் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். பொரியல் வந்தது. அதற்கும் உப்பு கம்மி. வத்தக் குழம்புக்கும் அப்படியே. சாம்பார் வந்தபோது அவருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. "என் கைக்கணக்கு இவ்வளவு தப்பாதே சார்" என்று தயங்கினார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக, அவருக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். எல்லோரும் வைக்கிற சாம்பாரையே நீங்களும் வைத்தால் உங்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், அடுத்தவர் பாணியை விட்டு வெளியே வாருங்கள் என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், "இந்தச் சாம்பார்ல உங்க குரல் கேக்கணும் அண்ணே" என்றேன்.

அவர் அண்டாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் உப்பை அள்ளினார்.

வெளியே முதல் பந்தி உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அதைத் துடைத்தும் ஆயிற்று. சம்பந்தி தலை இலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மூத்த மாப்பிள்ளை சரி சொல்வதற்காக எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. மாமனார் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்து, நான் கண்ணை மூடித் தியானித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தொந்தரவு பண்ணாமல் போய்விட்டார். ஒருவழியாகச் சரி என்றேன். வாளிகள் கிளம்பின. நானும் போய் சம்பந்திக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன், அவர் ருசிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

சம்பந்தி சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அசையாமல் இருந்தார். பிறகு தண்ணீரை எடுத்து முழு டம்ளரும் குடித்தார். பக்கத்தில் இருந்தவரும் குடித்தார். வரிசையில் ஒவ்வொருவராகத் தண்ணீரை எடுத்தார்கள். ஒரு அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிலிர்த்தது. சாப்பாடு ஒரு மனுஷியை அழவைக்கும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை. மாமனார் கை கூப்பிக்கொண்டு வரிசையாக விசாரித்து வந்தார். அத்தனை பேரும் பிரமாதம் என்றார்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

கை கழுவப் போனேன். பழக்க தோஷம், குழாயைத் திறக்காமல் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவர், நாளைக்கு ரத்தக் கொதிப்பு பார்க்க டாக்டரிடம் போகும்போது இந்தக் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துப் போகப் போவதாகச் சொன்னார். இன்னொருவர், "உப்பு ஒண்ணுதான் மலிவா கிடைச்சுது போலிருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க அதையே போட்டுட்டாங்க" என்றார். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன். அப்போதுதான், தாம்பூலப் பை கொடுப்பதற்காக வாசல் பக்கம் நின்றிருந்த என் மாமனாரைப் பார்த்தேன். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கையில் பையை நீட்டியபடியே நின்றார். வாங்க வேண்டிய ஆள் வாங்கிப் போன பிறகும் கை நீட்டியபடியே இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே தட்சிணாமூர்த்தி, தொழிலில் முதல் தடவையாக, தான் வைத்த சாம்பாரைத் தானே வாயில் வைத்துவிட்டு, பேச்சு மூச்சில்லாமல் நின்றார். கடைசியில் பெயர் பொருந்திவிட்டது.

என் பின்னாலேயே மாமனார் வந்தார். அவருக்குப் பின்னால் சம்பந்தி. மாமனார் அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கணும் சம்பந்தி. நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். அந்த மனுஷருக்குக் குரல் உடைந்து நான் கேட்டதே கிடையாது. எனக்கு அழுகை வந்தது. வாசகர்களாவது, வலைப்பூவாவது, எல்லாவற்றையும் காவிரியில் வீசலாம் போலிருந்தது.

"யாரு ருசி பார்த்தது?" என்று சம்பந்தி கேட்டார். தட்சிணாமூர்த்தி பெருந்தன்மையாக மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன். "காலையிலேயே ரசத்துல நாக்கு வெந்துபோச்சு. ஒரு ருசியும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாக்கைக் காட்டுங்க" என்றார்.

பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. அத்தனை சமையல்காரர்கள் முன்னால், புது சம்பந்திக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, சிக்னலைப் பார்ப்பது போலப் பார்த்தார். வித்யாவும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. இன்னும் அவளோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

"வெந்துதான் இருக்கு" என்று சம்பந்தி தீர்ப்புச் சொன்னார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "அந்தக் கடைசிப் பந்தின்னு ஒருத்தன் எழுதுறான். எங்க வீட்டுல எல்லாரும் படிப்போம். இன்னிக்கு அவன் மட்டும் வந்திருந்தா கிழிச்சிருப்பான்" என்றார்.

என் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. "அதுவும் இவருதான் சம்பந்தி" என்றார்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட சத்தம் எனக்கு முதலில் புரியவில்லை. அடுப்பில் ஏதோ வெடிக்கிறது என்று நினைத்தேன். சம்பந்தி சிரித்துக்கொண்டிருந்தார். எந்த மேலதிகாரியிடமும் அனுமதி வாங்காமல், சுவரில் கை ஊன்றிக்கொண்டு, மூச்சுத் திணறச் சிரித்தார். அவர் சிரிக்கவும் தட்சிணாமூர்த்தி சிரித்தார், காய் நறுக்குகிறவர்கள் சிரித்தார்கள், வித்யாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் இன்னும் நாக்கை உள்ளே இழுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சிரித்து முடித்ததும் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டாவது பந்திக்கு என்ன செய்யலாம் என்று தட்சிணாமூர்த்தியிடம் கேட்டார். உப்பில்லாமல் பருப்பு வேகவைத்துச் சாம்பாரிலும் கூட்டிலும் கொட்டினார்கள். பொரியலும் வத்தக் குழம்பும் முழுசாக வெளியேற்றப்பட்டன. ரசத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அதை நான் கெடுப்பதற்கு முன்பே என்னை அது கெடுத்துவிட்டது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்களை என் மாமனார் கையைப் பிடித்து அழைத்துவந்து மறுபடி உட்காரவைத்தார். அவர் தயிர் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, சம்பந்தி பாயச வாளியோடு பின்னால் போனார். பெண் வீட்டுக்காரரும் பையன் வீட்டுக்காரரும் சேர்ந்து பரிமாறியதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னை மோர் ஊற்றச் சொன்னார்கள். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றினேன்.

சாயங்காலம் நந்தினி மாலையும் கழுத்துமாக வந்து, "மாமா, என் கல்யாணத்தை யாருமே மறக்க மாட்டாங்க" என்றாள். திட்டுகிறாளா, நன்றி சொல்கிறாளா என்று புரியாமல் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன். புறப்படும்போது சம்பந்தி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: இதையும் எழுத வேண்டும், புனைபெயரில் இல்லை, சொந்தப் பெயரில்.

வித்யா சத்தியத்திலிருந்து விடுதலை கொடுத்தாள். முன்கூட்டி யோசித்து வைத்திருந்த தலைப்பை அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிகூடச் சோடிக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் படித்த அளவுக்கு என் எழுத்தில் வேறெதையும் யாரும் படித்ததில்லை. "கற்பனை பரவாயில்லை, ஆனால் நம்பும்படி இல்லை" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். கை கழுவும் இடத்தை நான் அத்தோடு காலி செய்தேன். இப்போதெல்லாம் எனக்கு நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். கூட்டம் கொஞ்சம் குறைந்துவிட்டது. தட்சிணாமூர்த்தி பாடு அமோகம். கடைசிப் பந்தியின் நாக்கையே வேகவைத்த ரசம் என்று சொல்லிச் சொல்லி முகூர்த்த நாளில் கேட்டால் கிடைக்காத அளவுக்கு வளர்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்துப் பந்திகளில் நான் உட்கார்ந்தால், அந்த வரிசையில் இருக்கிற எல்லோரும், வித்யா உட்பட, ஒன்றும் பரிமாறுவதற்கு முன்பே டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட, ஒரு வரி படிக்காமலே என்னைப் பெருமை பேசிக்கொண்டிருந்த என் மாமனார் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வாசகராகிவிட்டார். இனிமேல் எதை வெளியிடுவதானாலும் முதலில் தனக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் எழுதி லால்குடிக்கு அனுப்புவேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாய்விட்டு முழுசாகப் படித்து, மாமியாரிடமும் கலந்து பேசிவிட்டு மறுநாள் போன் செய்வார். இந்தக் கட்டுரையையும் அனுப்பினேன். இன்று காலை பேசினார்.

"நல்லா வந்திருக்கு மாப்ள. உப்புதான் கொஞ்சம் கம்மி."